முன்கூட்டிச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஆராதனை மூன்று மணிக்குத்தான் முடியும். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். அதில் ஒன்று பெண்கள் சங்கத்துக்கு. அந்த வருடம் அது எனக்கு வந்தது. வந்தது என்று அடக்கமாகச் சொல்கிறேனே தவிர, இரண்டு மாதம் போதகரின் மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்து நானே வாங்கியதுதான். எனக்குப் பேச வரும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தாலும் முடிகிற நேரத்தில், ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் இருபது நிமிடம் சொல்லுவேன்.

எனக்குக் கிடைத்தது மூன்றாம் வார்த்தை. தாயைச் சீடனிடமும் சீடனைத் தாயிடமும் ஒப்படைத்தது. ஆலயம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம். முன்வரிசைக் கிழவிகள்கூட விழித்திருந்தார்கள். பாதிப் பேச்சில், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, என் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது, என்னுடையதில் ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தச் சிறுநீரகம் அவனை ஆண்டவரிடம் கொண்டுவந்து சேர்க்கும், அவன் இதே இடத்தில் நின்று சாட்சி சொல்லுவான் என்றும் சொன்னேன். ஆலயமே அழுதது. நானும் அழுதேன்.

நான் எதையும் கொடுத்திருக்கவில்லை. அண்ணனிடம் கேட்டிருக்கவும் இல்லை. அவனோடு ஒன்பது வருடமாகப் பேச்சே கிடையாது. முசிறியிலிருந்து வந்த சித்தப்பா மகள் சொல்லித்தான் அவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடப்பதும், அண்ணியின் ரத்தம் வேறு வகை என்பதால் அவள் கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வகை. அதுவும் சித்தப்பா மகள் சொன்னதுதான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

வெளியாட்களுக்கு இது பச்சைப் பொய்யாகத் தெரியும். எங்களுக்குள் அப்படி இல்லை. விசுவாசத்தில் முன்கூட்டிச் சாட்சி சொல்வது எங்களிடம் உள்ள பழக்கம். வேலைக்கு விண்ணப்பம் போட்டவன், ஆண்டவர் எனக்கு வேலை கொடுத்துவிட்டார் என்று எழுந்து நின்று நன்றி சொல்லுவான். பிள்ளைக்காகக் காத்திருக்கிறவள் தொட்டிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன் என்பாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். நானே வாடகை வீட்டில் இருந்தபோது, குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னவள். நாலு மாதத்தில் கிடைத்தது. ஆனால் அதெல்லாம் ஆண்டவர் செய்ய வேண்டிய காரியங்கள். சிறுநீரகம் நான் செய்ய வேண்டிய காரியம். இந்த வித்தியாசம் ஒலிபெருக்கி முன்னால் நிற்கும்போது எனக்கு உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உடனே உறைத்தது. அவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். பரம்பரைக் கிறிஸ்தவர், ஆனால் ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆமென் மட்டும் சொல்லுகிறவர். வண்டியை வாசலில் நிறுத்தினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி, “எப்பக் குடுத்தே?” என்று கேட்டார்.

விசுவாசத்தில் சொன்னேன் என்றேன்.

“கிட்னி விசுவாசத்துல வராதுடி. வயித்தக் கிழிச்சாத்தான் வரும்.”

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். வேறு நாளாக இருந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க முடியாது. அன்று தட்டை வைத்துச் சோறு போட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை அப்படியே அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஈஸ்டருக்கென்று மீன் வாங்கி வந்திருந்தார். கழுவிக் கத்தியை அதன் வயிற்றில் வைத்தேன், அதற்கு மேல் அழுத்த முடியவில்லை. இருபது வருடமாக மீன் ஆய்கிறவள் நான். கத்தியை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்றைக்கு அவர்தான் மீன் ஆய்ந்தார்.

பயம் என்றால் என்னவோ பெரிய தத்துவமாக எழுதுகிறார்கள். என் பயத்தில் தத்துவம் ஒன்றும் கிடையாது. மயக்க ஊசி போட்டால் திரும்ப விழிக்க மாட்டேன் என்று பயம். விழித்தாலும் மிச்சம் இருக்கிற ஒன்று கெட்டுப்போகும் என்று பயம். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் இதை யார் செய்வார்கள் என்று தோன்றும், பின்னல் கோணிக்கொள்ளும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றால் அதற்கு இன்னொரு பயம். ஈஸ்டர் அன்று ஆலயத்துக்கு வெளியே கிழவிகள் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்கள். ஒருத்தி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ என் பேச்சைச் செல்போனில் பதிவு செய்து சபையின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை என்று சொல்லிச் சொல்லி என்னை நடுங்க வைத்தார்கள்.

இரண்டு பயமும் சேர்ந்து பிடரியைப் பிடித்துத் தள்ளித்தான் ஸ்ரீரங்கம் போனேன். அன்பு தள்ளியது என்று எழுத ஆசைதான்.

அண்ணன் ஸ்ரீரங்கத்தில் வாழை இலை வியாபாரம் செய்கிறான். முசிறிப் பக்கம் எங்கள் சொந்த ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இலைக்கட்டுகள் அவனுக்கு வரும், அவனிடமிருந்து ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகும். நான் ஞானஸ்நானம் எடுத்தபோதோ கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டபோதோ அவன் என்னை ஒதுக்கவில்லை. உன் இஷ்டம் பாப்பா என்றுதான் சொன்னான். பேச்சு நின்றது அப்பாவின் கருமாதியில். பந்தியில் உட்கார்ந்தவள், படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று ஊரே கேட்கும்படி சொன்னேன். அப்போது எனக்கு விசுவாசத்தில் வேகம் அதிகம், வாயும் அதிகம். வயிறு சரியில்லை என்று எழுந்து போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் வந்து என் எதிரே போட்டிருந்த இலையை அவன் கையாலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பேசவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்று பார்த்தேன். நடத்துநர் பாலத்தில் இறக்கிவிட மாட்டார் என்ற ஒரே காரணத்தால் உட்கார்ந்திருந்தேன்.

அடையவளஞ்சான் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. அண்ணி கதவைத் திறந்தாள். தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். நாற்பத்தெட்டு வயதுக்காரன், அறுபது தாண்டியவன் மாதிரி இருந்தான். முகம் ஊதிக் கறுத்திருந்தது. இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த செல்போனை எடுத்து எதையோ தேடி அழுத்தினான். என் குரல் வந்தது.

பொன்மலையில் மெஸ் நடத்தும் ஒருவர் அவனிடம் இலை வாங்குகிறவர். எங்கள் சபைக்காரர். அவர் நல்ல எண்ணத்தில் அதை அனுப்பியிருந்தார். ஆலயத்தில் அவ்வளவு உருக்கமாகக் கேட்ட என் குரல் அந்த அறையில் கூவி விற்கிறவள் குரலாகக் கேட்டது. நிறுத்தச் சொன்னேன். அவன் நிறுத்தவில்லை. அவன் இதே இடத்தில் நின்று சாட்சி சொல்லுவான் என்ற இடம் வரைக்கும் ஓடவிட்டுத்தான் நிறுத்தினான்.

“குடுத்துட்டியாமே. எனக்கே தெரியாம எப்ப வெச்சுத் தெச்சாங்க?”

நான் நின்றுகொண்டிருந்தேன். 

“ஒண்ணு கேக்கறேன் பாப்பா. இத எனக்குக் குடுக்கறியா, உங்க சபைக்குக் குடுக்கறியா?”

உனக்குத்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தம் வரவில்லை. அவன் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றான். ஒரு மனுஷன் உயிரைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற இடத்தில் வந்து நிற்க என்னால் முடியாது, இருக்கிற வரைக்கும் இந்த மெஷினோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். திட்டவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படி இறங்கும்போது அழுகிறேன் என்றுதான் நினைத்தேன். தெருவுக்கு வந்து கண்ணைத் துடைத்தால் ஈரமே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் காற்று வந்தது. சத்திரத்தில் இறங்கியதும் பசித்தது. பத்து நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவள், ஹோட்டலில் உட்கார்ந்து பூரி கேட்டேன். கிழங்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது பூரியைப் பிய்க்கும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. என் அண்ணன் சாகப்போகிறான், எனக்கு வெட்டு இல்லை என்ற சந்தோஷத்தில் நான் பூரி தின்றுகொண்டிருக்கிறேன்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பயந்திருந்தேன். அந்த மேஜையில் என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய் மனம் மாறிய கதையைச் சொன்னவள். எது மாறியிருந்தது? பொட்டு வைப்பதில்லை, படைத்ததைச் சாப்பிடுவதில்லை, பேசும் வார்த்தைகள் வேறு. உள்ளே உட்கார்ந்து பூரி தின்கிறவள் பழைய ஆளேதான். கை கழுவப் போன இடத்தில் கண்ணாடி இருந்தது. தலை குனிந்தபடியே கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், நேரம் எடுத்துக் கேட்டார். அண்ணனே வேண்டாம் என்று சொன்ன பிறகு என் பங்கு முடிந்தது, கொடுக்க ஆயத்தமாக இருந்ததே ஆண்டவருக்குப் போதும் என்றார். நான் ஆயத்தமாக இல்லை ஐயா, அதுதான் விஷயம் என்றேன். சாட்சியைச் சபை முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது முகம் மாறிவிட்டது. அது பலவீனமான விசுவாசிகளுக்கு இடறலாக இருக்கும், அப்படியே விட்டால் மெல்ல மறந்துவிடும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் செத்துவிட்டால் எல்லாரும் மறக்கத்தான் செய்வார்கள் ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர், ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள் என்றார்.

அந்த ஞாயிறு எழுந்து நின்றேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னது நாலே வரி. சிறுநீரகம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன், கொடுக்கவில்லை. அண்ணனைக் கேட்கவும் இல்லை. உங்கள் முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். பதிவை வைத்திருக்கிறவர்கள் அழித்துவிடுங்கள். உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆமென் சொல்லுகிற இடமா அது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஈஸ்டர் அன்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவி செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஜெபக்கூட்டங்களில் யாரும் என்னை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னதில்லை. முதல் சில மாதங்கள் அது சோறு கிடைக்காத மாதிரி வலித்தது. அவ்வளவு ருசி கண்டிருந்தேன் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடியும் ஸ்ரீரங்கம் போனேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் கூட வந்தார். நான் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார்.

சபையில் என்ன சொன்னேன் என்பதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். கருமாதியில் நடந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைக் கையால் விலக்கிவிட்டான். பஸ்ஸில் தனியாக வந்திருந்தால் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்திருப்பேன், வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்ததில் அது முடியவில்லை, பேச்சு தானாக வந்தது.

“எனக்குக் குடுக்கப் பயமா இருக்குண்ணே. நீ வேணாம்னதும் போதும்டா சாமின்னு ஹோட்டல்ல போய்த் தின்னேன். ஆனா நீ செத்துட்டா என்னால தாங்க முடியாது. டெஸ்ட்டுக்கு வரேன். வேணாம்னு மட்டும் சொல்லாதே.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன், எனக்குச் சேரவில்லை என்று அவள் மெதுவாகச் சொன்னாள். என்னிடம் சொன்னாளா தனக்குள் சொன்னாளா தெரியவில்லை. அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மாப்ள, உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டான்.

“சம்மதமில்லைங்க,” என்றார் அவர். “ஆனா தடுக்க மாட்டேன்.”

அண்ணன் மூன்று நிபந்தனை போட்டான். அவனை ஆலயத்துக்குக் கூப்பிடக் கூடாது, அவனுக்காகக் கும்பலாக வந்து ஜெபம் பண்ணக் கூடாது, அவனுக்கு நன்றாக ஆனாலும் ஆகாவிட்டாலும் இதைச் சபையில் நின்று பேசக் கூடாது. சரி என்றேன். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்தக் கடைசிப் பகுதிக்காகவே மறுத்திருப்பேன்.

பரிசோதனைகள் இரண்டு மாதம் நடந்தன. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் அதைக் கட்டைப்பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு, யாராவது என்ன என்று கேட்டுவிடுவார்களோ என்று உயிரைக் கையில் பிடித்தபடி போனேன். ஸ்கேன் எடுக்கும் வளையத்துக்குள் போகும்போதெல்லாம் ஏதாவது குறை இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். பெரிய வியாதி வேண்டாம், சின்னதாக ஒரு கல். ஒவ்வொரு தடவையும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு வந்து சொன்னார்கள். ஆரோக்கியமாக இருக்கிறோம் என்று கேட்டு அவ்வளவு கலங்கிய ஆள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆண்டவரிடம் பயத்தை எடுத்துப்போடும்படி கேட்டேன். அவர் எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு ஜெபிக்கும்போது, பயம் இப்போதே போகட்டும் என்று தலையில் கை வைத்து எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன். போயிற்றா என்று ஒருவரிடமும் நான் திரும்பிக் கேட்டதில்லை.

கடைசியில் விசாரணை. கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது சட்டம். சிறிய அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஒரு கேமரா. நடுவில் இருந்த டாக்டரம்மா சாந்தமாகப் பேசினார். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் காசு பேசப்பட்டதா, ஆபரேஷனில் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா இப்பவே சொல்லலாம்மா. மருத்துவ ரீதியாப் பொருந்தலைன்னு மட்டும் வெளியில சொல்லுவோம். வேற எதுவும் யாருக்கும் தெரியாது. உங்க அண்ணனுக்கும் தெரியாது.”

கதவுக்கு வெளியே அண்ணன், அண்ணி, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். அண்ணனுக்கும் கோபம் வராது, அண்ணியும் விதி என்று அழுதுவிட்டுப் போவாள், என் வீட்டுக்காரர் வெளியே காட்டிக்கொள்ளாமல் மகிழ்ந்துபோவார். சபைக்கு என் மேல் எதிர்பார்ப்பே கிடையாது. நான் தலையை ஆட்டினால் போதும். ஆண்டவருக்கு மட்டும் தெரியும், அவர் மன்னித்துவிடுவார். நிச்சயமாக மன்னிப்பார். அந்த நிச்சயம்தான் எனக்கு ஈரல்குலையை நடுங்க வைத்தது. கதவு அவ்வளவு அகலமாகத் திறந்து, போ என்று யாரும் தள்ளாமல், போகாதே என்று யாரும் பிடிக்காமல் நின்றது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். ஜெபம் பண்ணப் பார்த்தேன். இருபது நிமிடம் பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணன் மூச்சு வாங்குகிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. இல்லை, கேட்டிருக்க முடியாது, எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. வேண்டுமானால் நாளைக்கு வாருங்கள் என்றார்.

“நாளைக்கும் பயமாத்தாங்க இருக்கும்,” என்றேன். “பயம் போனப்பறம் குடுக்கலாம்னு பாத்தா என்னைக்குமே குடுக்க மாட்டேன். இப்பவே எழுதிக்குங்க, குடுக்கறேன்.”

கையெழுத்துப் போடும்போது என் பெயர் கோழி கிறுக்கின மாதிரி விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்தேன். என்ன என்று மூன்று பேரும் எழுந்தார்கள். டீ குடிக்கலாமா என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சை அங்கிக்குள் உடம்பெல்லாம் குளிர். பல் தந்தியடித்தது. என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் வந்திருந்தாள். சடை அவள் அப்பா போட்டது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து அழக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் இன்னொரு தள்ளுவண்டி நின்றது. அண்ணன். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு நர்ஸ் காகிதத்தைச் சரிபார்த்தாள். அவன் தலையைத் திருப்பினான்.

“பாப்பா. இப்பக்கூட வேணாம்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவனுக்குச் சொல்ல என்னிடம் வசனங்கள் நிறைய இருந்தன. பல் அடித்துக்கொண்டதில் ஒன்றும் வரவில்லை.

“போண்ணே,” என்றேன். “குளிருது. சீக்கிரம் போலாம்.”

முகமூடியை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். முதல் மூச்சில் தியாகம், அன்பு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாக வேண்டாம், சாக வேண்டாம் என்று மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது முதலில் தெரிந்தது வலி. வலிக்கிறது என்றால் இருக்கிறேன் என்று கணக்குப் போடவே வெகுநேரம் ஆயிற்று. தொண்டை வறண்டிருந்தது. இடது பக்கம் நெருப்பாக எரிந்தது. அடுத்து வந்தது மறுபடியும் பயம், இந்தத் தடவை அவனுக்காக. எடுத்து வைத்தது வேலை செய்யாமலும் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நர்ஸைக் கேட்டேன். டாக்டர் வந்து சொல்லுவார் என்றாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடிகாரம் என் தலைக்குப் பின்னால் எங்கேயோ ஓடியது. ஏதாவது ஆகியிருந்தால் உடனே சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது.

அப்புறம் அண்ணி வந்தாள். முகக்கவசம், தலையில் தொப்பி, காலில் ஆஸ்பத்திரி கொடுத்த ரப்பர் செருப்பு. கண் மட்டும்தான் தெரிந்தது, அது சிவந்திருந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஒன்பது வருடமாக என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசாதவள்.

“ஒண்ணுக்கு வந்துடுச்சு,” என்றாள். “தெச்சு முடிச்ச ஒடனே டேபிள்லயே வந்துடுச்சாம். டியூப்ல பாத்தேன். தண்ணி மாதிரி போவுது. ஒரு வருஷமாச்சு அவருக்கு அது வந்து.”

சொல்லிவிட்டு என் கால்மாட்டில் போர்வையோடு சேர்த்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழ அழத் தையல் இழுத்தது, இழுத்ததற்கும் சேர்த்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. அவள் போன பிறகு வலது கையை மெல்ல நகர்த்தி, ஊசி குத்திய டியூபோடு இடுப்பின் வலப்பக்கத்தில் வைத்தேன். மிச்சம் இருந்த ஒன்று அங்கேதான் எங்கேயோ இருந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இதையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே, எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன்.